பதினோரு குஞ்சுகளும் பனிமலைக் கோட்டுப் பஞ்சும்

குளிர்காலத்தில் கோழிக்குஞ்சுகளைப் பஸ்ஸில் எடுத்துப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போகலாம். நானே போயிருக்கிறேன், 1989 மார்கழியில், ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு. நேரமும் கட்டணமும் என் பழைய நோட்டில் உள்ளபடி.

அப்போது ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்குக் கோட்டு தைப்பது என் வீட்டுக்காரர் வேலை. எங்கள் நாட்டுக்கோழி பதினோரு குஞ்சு பொரித்த மூன்றாம் நாள், கீரி வந்து தாயைக் கொண்டுபோய்விட்டது. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தின. ஓரத்தில் இருப்பது நடுவே முட்டி நுழையும், நடுவில் இருந்தது வெளியே வரும். தாய்ச்சூடு இல்லாமல் இன்னொரு நாள் தாங்காது என்று தெரிந்தது.

எனக்கு முட்டை விற்கும் பூந்தமல்லி ஜுலேகா அக்காவிடம் அடைகாக்கும் கோழி ஒன்று இருந்தது. அது ஏற்றுக்கொண்டால் பிழைக்கும், இல்லையென்றால் கொத்தியே கொன்றுவிடும். பதினொன்றும் பிழைத்தால் பதினோரு விளக்கு ஏற்றுகிறேன் என்று திருமுல்லைவாயில் ஈசுவரனிடம் வேண்டிக்கொண்டேன்.

கோட்டுக்குள் வைக்கும் பஞ்சுத் துணியின் வெட்டுத்துண்டுகளைத் தொழிற்சாலையில் எடைக்கு விற்பார்கள். இட்லிப் பானையை மூடுவதிலிருந்து பிள்ளையின் குல்லா வரை குவார்ட்டர்ஸில் எல்லாவற்றுக்கும் அதுதான். மூங்கில் கூடைக்குள் நாலு சுற்று வைத்து, நடுவில் வெந்நீர் பாட்டில் ஒன்றைச் செருகி, மேலேயும் இறுக்கி மூடினேன்.

"பனிமலையில நிக்கிற சிப்பாய்க்கே இது போதும். உன் குஞ்சுக்குப் போதாதா?" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

காலை 7.10க்குப் பஸ். டீக்கடை அடுப்புச் சாம்பலில் ஒரு நாய், மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தது. ஆடுகள் விலாவை வெயிலுக்குக் காட்டி வரிசையாக நின்றன. கம்பியில் குருவிகள் சிறகைப் பஞ்சாய் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் ரசித்தேனே தவிர, புத்தியில் ஏறவில்லை.

டிக்கெட் ஒன்றேகால் ரூபாய்.

"யம்மா, கூடையில இன்னா கீது?" என்றார் கண்டக்டர்.

"கோழிக்குஞ்சுப்பா. பதினொண்ணு."

"பதினோரு ஆஃப் டிக்கெட் கிழிக்கணுமே! ஆமா, ஒரு சத்தத்தையும் காணோம்?"

"தூங்குதுங்க."

"குஞ்சாவது, தூங்குறதாவது! தொற, பாக்கலாம்."

திறந்தேன். முகத்தில் ஆவி அடித்தது. பதினொன்றும் பாட்டிலை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, சிறகைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. ஒன்று காலை நீட்டிச் சரிந்து கிடந்தது.

"இன்னாம்மா, குளுருக்குப் போத்துனியா, இட்லி அவிச்சிகினு கீறியா? பஞ்சை எட்த்து வெளியே போடு!"

பஸ்ஸே சிரித்தது. நான் அவசரமாகப் பஞ்சை உருவி, கூடையின் ஒரு பாதியில் மட்டும் துணியும் பாட்டிலும் வைத்து, மறுபாதியை வெறுமையாக விட்டேன். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. காற்றுப் பக்கம் போய் ஆறிக்கொண்டு, பிறகு மெல்ல நகர்ந்து துணியோரம் ஒண்டின. எவ்வளவு சூடு வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருக்கவே வேண்டாம். நகர இடம் கொடுத்திருந்தால் போதும். சரிந்து கிடந்தது மட்டும் எழவில்லை.

8 மணிக்குப் பூந்தமல்லி. சுமார் பத்து கிலோமீட்டர். மசூதிக்குப் பின்தெருவில் அக்கா வீடு, நடந்தால் பத்து நிமிடம்.

"ஏன் தங்கச்சி, இதையா மடியில வச்சு அழுதுகிட்டு வந்தே?" அக்கா அந்தக் குஞ்சின் அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுத்தார். கால் மணி நேரத்தில் அது தலை தூக்கியது.

அடைக்கோழியின் கூண்டைச் சாக்கால் மூடி இருட்டாக்கினார். ஒரே ஒரு குஞ்சை மட்டும் அதன் வயிற்றடியில் தள்ளினார். கோழி குனிந்து பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கொக்... கொக்..." என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம்.

"கூப்பிடுது பாரு. இனி பயமில்ல" என்றார் அக்கா.

பதினொன்றும் உள்ளே போயின. கோழி இறக்கையை விரித்து மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் சரிந்து கிடந்த அந்தக் குஞ்சு, இறக்கைக்கு வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. புழுக்கமாக இருந்திருக்கும்.

என் வேண்டுதலைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "உங்க சாமிக்கு பதினோரு விளக்கு. என் கோழிக்கு?"

"ஒரு படி கம்புக்கா."

திரும்பும்போது மணி பன்னிரண்டு. டீக்கடை நாய் சாம்பலை விட்டு, குழாயடி ஈரத்தில் நாலு காலும் நீட்டிப் படுத்திருந்தது. இப்போது புரிந்தது. ஆண்டவன் அதற்குக் கோட்டு தைத்துக் கொடுக்கவில்லை, இடம் மாறத் தெரியவைத்திருக்கிறான். மறுநாளே விளக்கு ஏற்றிவிட்டேன்.

குஞ்சு கொண்டு போகிறவர்களுக்கு: ஆழமான கூடை வேண்டாம், அகலமானது எடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி ஓரத்தில் வையுங்கள். குவிந்து கத்தினால் குளிர். விலகி இரைத்தால் சூடு. பரவி உட்கார்ந்து மெல்லக் கீச்சிட்டால் நிம்மதியாகப் பயணம் செய்யலாம். கிளம்புமுன் சாமிக்குக் கற்பூரம் ஏற்றுங்கள்; கூடையின் பாதியைத் திறந்தே வையுங்கள்.