திருவிருந்துக்கு எழும்பாதவர்

ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கியதும் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. சாலையோரப் பழக்கடையின் பலகையில் 'கிறிஸ்து எனக்குள்' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. இப்படி எழுதி வைத்த கடையில் நான் முதலில் தராசைத்தான் பார்ப்பேன். இங்கேயும் பார்க்கிறேன். நேராகத்தான் நிற்கிறது. அதற்காக நம்பிவிட முடியுமா?

கடைக்காரர் ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மட்டிப்பழச் சீப்பை எடுத்து வைக்கிறார்.

"உள்ளே இருக்கார்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

அவர் சிரிக்கவில்லை. "இண்ணைக்குக் கோயில்ல திருவிருந்து சார். எல்லாரும் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போனாவ. நான் எழும்பல்ல."

"ஏன்?"

"கூடப்பொறந்த தம்பிகிட்ட பேச்சு இல்ல. மனசுல சண்டைய வச்சிட்டு அங்க போயி முட்டுகுத்தி அப்பம் வாங்கப்பிடாது. எழும்பத்தான் பாத்தேன். உள்ள இருக்கவரு விடல்ல."

நல்ல சாமர்த்தியம். வீம்பு இவருடையது, பழி உள்ளே இருப்பவர் மேல்.

"தம்பிகிட்ட பேசச் சொல்லி அவர் சொல்லலையா?"

அவர் பார்வை சாலையைத் தாண்டிப் போகிறது. எதிரே இன்னொரு பழக்கடை. பலகையில் அதே சிவப்பு எழுத்து, அதே வரி. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், இவரைப் போலவே முன்வழுக்கை, எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவனும் எழும்பல்ல சார்."

தம்பியைக் குறை சொல்கிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குரலில் இருப்பது பெருமை.