வெறும் கதிரை

தாயின் கண்ணே பட்டுவிடும் என்று பயந்து, மகள் ஸ்னோபோர்டில் பாய்வதை அந்த சீசன் முழுவதும் நான் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் ஹாஃப்பைப், பிக் ஏர் என்று எந்தப் போட்டியானாலும், மெல்பேர்ன் ட்ருகனினாவில் எங்கள் வீட்டு ஹாலில் கணவர் டிவி பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் குசினியில் நின்று கேட்பேன்.

கடைசிப் போட்டியில் அவர் குரல் சட்டென நின்றது. ஓடினேன். மகள் பனியில் விழுந்து கிடந்தாள். நான் பார்க்காமலேயே விழுந்திருந்தாள்.

மெல்ல எழும்பினாள். இரண்டாம் பாய்ச்சலுக்கு மேலே போய் நின்று, கமராவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"ஆருக்கு?" என்றேன்.

"உமக்குத்தான். ஒவ்வொரு முறையும் காட்டுறவள்."

இவ்வளவு நாளும் என் பிள்ளை, டிவிக்கு முன்னால் அவருக்குப் பக்கத்தில் இருந்த என் வெறும் கதிரைக்குக் கை காட்டியிருக்கிறாள். அதில் உட்கார்ந்தேன். அவள் பாய்ந்தபோது கண்ணை மூடவில்லை.