அப்பாவின் முதுகைப் பார்க்கப் போனேன்

இன்று மதியம், கோவில்பட்டியில் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்குச் சொல்லாமல் போனேன். பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்து, இங்கே சேர்த்து நாலு மாதம். ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று சோதிக்கத்தான் போனேன்.

சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கப் போனால், அவரைக் கவனிக்கும் புதூர்க்கார அக்கா தடுத்தார்.

"அண்ணாச்சி, மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து பார்த்தேன். முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை.

"ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா பொரட்டி விடுதோம்லா" என்றார் அக்கா.

அப்பா என்னைப் பார்த்துக் குழறலாக ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

"நீங்க சாப்ட்டாச்சான்னு கேக்காவ" என்றார் அக்கா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாலே மாதத்தில் அவருக்கு அப்பாவின் பேச்சு பிடிபட்டுவிட்டது. எனக்கு நாற்பது வருஷமாகியும் அரைகுறைதான்.

உங்க அப்பா பேசுறது உங்களுக்காவது புரியுதா மக்களே?