பாத்தாச்சு என்றார் என் வீட்டுக்காரர்

சத்தியவேட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். மற்றவர்கள் சரி என்று அனுப்பியதை நம்பாமல் இருப்பதுதான் காலை முதல் மாலை வரை என் வேலை. பிளாஸ்டிக் பாகங்கள் தட்டுத் தட்டாக என் மேஜைக்கு வரும். பிசிறு இருக்கிறதா, ஓட்டை உரிய இடத்தில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான், தண்ணீருக்கடியில் மூச்சு விடப்போகிற கருவியைப் பார்க்காமலே டிக் போட்டேன். போட்டது என் கை. போட வைத்தது என் வீட்டுக்காரர். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னாள் என்று பிறகு யாரும் பேசக்கூடாது.

எங்களுக்கு ஊர் ஆந்திராவில் இருக்கும் நகரி. கடலுக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கம்பெனியிலிருந்து புதுச்சேரிக்கு டூர் போனபோது, கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான், மெயின்டனன்ஸில் இருக்கிறார். படகு கரையை விட்டதுமே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். நான் இறங்கினேன். கால்மணி நேரம்கூட இருக்காது. வீட்டுக்கு வீடு பவர்லூம் ஓடுகிற தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். சத்தமே இல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே வந்ததும் மறுபடி எப்போது என்றுதான் கேட்டேன்.

அவரும் கற்றுக்கொண்டார். "நீ போற எடத்துக்கு நானும் வர்றேன் மே, தனியாவா உடுவேன்?" என்று, ஒவ்வொரு முறையும் படகில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார். எந்தப் புருஷன் இப்படி வருவான் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்தான். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வருடம் கழித்து ரீப்ரீத்தர் பயிற்சியில் சேர்ந்தோம். சாதாரண ஸ்கூபாவில் நாம் விடுகிற மூச்சு குமிழாகி மேலே போய்விடும். இதில் போகாது. விட்ட மூச்சு ஒரு குழாய் வழியாக டப்பாவுக்குப் போகும். அதில் இருக்கும் வெள்ளைக் குருணை கெட்ட வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். செலவான ஆக்சிஜனைக் கருவி சேர்க்கும், அது எவ்வளவு என்று கையில் கட்டிய மீட்டர் காட்டும். அதே மூச்சு இன்னொரு குழாய் வழியாக நம்மிடமே திரும்பும். குமிழ் இல்லை, சத்தம் இல்லை, மீன்கள் பயப்படாமல் பக்கத்தில் வரும். கெட்டுப்போனாலும் அப்படித்தான், சத்தமே இல்லாமல் கெடும்.

சொல்லிக்கொடுத்தவர் விசாகப்பட்டினத்துக்காரர். பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். சத்தியவேட்டுக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்றில் முப்பது மீட்டருக்குத் தண்ணீர் நின்றது. பயிற்சி அதில்தான். எங்கள் கருவியைக் கெடுப்பதுதான் சாரின் வேலை. நீந்திக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து ஆக்சிஜன் வால்வை மூடிவிடுவார். முகத்துக்கு நேராக ஓர் அட்டையைக் காட்டுவார். 'மீட்டர் செத்துவிட்டது' என்று எழுதியிருக்கும், இல்லாவிட்டால் 'டப்பாவுக்குள் தண்ணீர்' என்று இருக்கும். அந்த நொடியே வாயில் இருப்பதை மூடி எடுத்துவிட்டு, இடுப்பில் தொங்கும் தனி சிலிண்டருக்கு மாறி மேலே வரவேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. எந்தக் கோளாறு எங்கிருந்து வரும் என்று தெரியாமல் காத்திருப்பதும், வந்ததும் கை தானாக வேலை செய்வதும். என் வீட்டுக்காரருக்கு அட்டையைப் பார்த்தாலே கை விறைத்துப்போகும். நான்தான் தோளைப் பிடித்து உலுக்குவேன்.

ஒருநாள் சார் என்னிடம் சொன்னார். ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறைகளில் மீன் கணக்கெடுக்க ஒரு குழு போகிறது. ஒரு மாதம். குமிழ் விடாமல் இறங்குகிற ஆள் ஒருவர் வேண்டும். பயிற்சியை முடித்தால் உன்னைத்தான் கூட்டிப்போவேன் என்றார். உன்னை என்று ஒரே ஆளைச் சுட்டி அதுவரை யாரும் என்னிடம் எதையும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட என் அக்காவைத்தான் முதலில் கேட்டார்கள். பைக்கில் திரும்பும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் நாகலாபுரம் வரை பைக்கை முறுக்கிக்கொண்டே வந்தார். அப்புறம் "ஒரு மாசமா?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். "எவரி மெஷின் வாள்ளே சூசுகோவாலி" என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். அவரவர் கருவியை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. இரண்டு பேரும் தலையாட்டினோம். மறுநாளே வேலையைப் பங்குபோட்டுக்கொண்டோம். புருஷன் பெண்டாட்டி அல்லவா! குருணையை இடைவெளி இல்லாமல் தட்டித் தட்டி நிரப்ப எனக்குப் பொறுமை உண்டு. இரண்டு டப்பாவையும் நானே நிரப்புவேன். வாயில் வைக்கும் பகுதிக்குள் வால்வு என்று மெல்லிய ரப்பர் இதழ் இரண்டு இருக்கும். மூச்சு ஒரே திசையில் சுற்றுவதற்கு அவைதான் காவல். நுணுக்கமான அந்த வேலையை இரண்டு பேருக்கும் அவர் செய்வார். வீட்டிலும் அப்படித்தான். மாவு அவர் அரைப்பார், நான் ஊற்றுவேன். அரைபட்டதா என்று ஒருநாளும் விரல் விட்டுப் பார்த்ததில்லை.

கடைசித் தேர்வு நாள். குவாரி விளிம்பில் பாய் விரித்து உட்கார்ந்து என் கருவிக்கான பட்டியலைச் சரிபார்த்தோம். நாற்பது வரி இருக்கும். நான் படிக்க, அவர் பங்கு வரும்போது அவர் பதில் சொன்னார்.

"வாய்க் குழாய் வால்வு?"

"பாத்தாச்சு மே."

டிக் போட்டேன்.

இறங்கும் முன் மூக்கை அடைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கருவியில் மூச்சு விட்டுப் பார்ப்பது வழக்கம். மீட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் தலை கனத்தது. வெயில் என்று நினைத்தேன். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. பதற்றம் என்று நினைத்தேன். சார் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு ரூபாய் அளவு ரப்பர் இதழ் ஒன்று அதில் இருந்தது.

என்னுடையது. அது இல்லாவிட்டால், விட்ட மூச்சே குருணைக்குப் போகாமல் திரும்பத் திரும்ப வாய்க்கு வரும். மீட்டர் கெட்ட வாயுவைக் காட்டாது. தண்ணீருக்கடியில் என்றால் மயங்குவதுகூடத் தெரியாமல் போயிருப்பேன்.

"டிக் எவரு பெட்டாரு?" டிக் போட்டது யார் என்று கேட்டார் சார்.

"நேனே சார்", நான்தான் என்றேன். சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் கால் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது.

கடைசி நாளில் ஜோடியில் ஒருவரிடம், இன்னொருவர் கருவியில் ஒரு கோளாறு வைக்கச் சொல்வது சாரின் முறை. பட்டியலில் அது பிடிபடுகிறதா என்று பார்ப்பாராம். பிடிபடவில்லை, நான் தோற்றேன். முதல் ஆள் தேறினால்தான் அடுத்தவர் இறங்கலாம் என்பதால் என் வீட்டுக்காரருக்கும் அன்று நடக்கவில்லை. மறுதேர்வுக்குள் கணக்கெடுப்பு தொடங்கிவிடும். என் இடத்துக்கு வேறு யாரோ போனார்கள்.

வீட்டில் சண்டை. எங்கள் தெருவில் சண்டை போட்டாலும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் போடவேண்டும்.

"சார் சொன்னாரு, செஞ்சேன். நான் இன்னா பண்றது?"

"எடுத்தது போவட்டும்யா. நான் கேட்டப்ப பாத்தாச்சுன்னு இன்னாத்துக்குச் சொன்ன?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த தெருவிலிருந்து வந்த, என்னைப் பெற்ற நைனாவும் என்னைத்தான் அடக்கினார். "டெஸ்டுதானேம்மா. அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறியே" என்றார். தேர்வு என்றால் பொய் சொல்லலாம் போலிருக்கிறது. சரி, தேர்வுதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம் மனதைத் தேற்றினேன்.

மறுதேர்வு எப்போது என்று கேட்கச் சாருக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில் சொன்னார். பேட்டரி மூடியை லேசாகத் தளர்த்தி வை என்றுதான் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாராம். மீட்டர் எரியாது, முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று சிரித்தார். வால்வை அவரே தேர்ந்தெடுத்தாராம். நான் கருவியில் மூச்சு விட்டுப் பார்ப்பதற்குச் சற்று முன்தான் இதழைக் கொண்டுவந்து சார் கையில் கொடுத்தாராம். உன் திறமைமேல் அவ்வளவு நம்பிக்கை போல என்று நினைத்துக்கொண்டேன் என்றார் சார்.

என் வீட்டுக்காரர் சோறு துன்னுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ அங்க போவாத இருக்கணும்னுதான் மே. நீ தண்ணிக்குள்ள போனா எனக்கு இங்க மூச்சு நின்னுபூடுது. ஒரு மாசம் எப்படி இருக்கறது?"

பொய் என்று சொல்லமாட்டேன். பயம் உண்மைதான். அந்தப் பயத்தை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை போகாமலும் இருந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நாற்பது வரியில் நான் எந்த வரியைப் பார்க்கமாட்டேன் என்று தேடினார். தேடவும் வேண்டியதில்லை. நான் அவரை நம்பியிருந்த ஒரே வரி அதுதான். என் நம்பிக்கை இருக்கிற இடம் பார்த்துக் கை வைத்தார். வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதானா என்று அன்றைக்கு வாய்விட்டே கேட்டேன். மிச்சச் சோற்றை அவர் துன்னவில்லை.

நான்கு மாதம் கழித்து மறுதேர்வு. வர இஷ்டமிருந்தால் வா என்றேன், வந்தார். என் கருவியை நானே பூட்டினேன். குருணை, குழாய், இதழ், எல்லாம். அவருடையதை நான் தொடவில்லை. அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தன் டப்பாவைத் தானே நிரப்பினார். தட்டத் தெரியாமல் தட்டினார். காலையிலேயே இறங்கித் தேறிவிட்டேன். மேலே வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அடுத்து அவர் முறை. சார் அவரை டீ வாங்க அனுப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈசாரி நுவ்வு பெட்டு" என்றார். இந்த முறை நீ வை.

அவர் கருவி முன்னால் போய்க் குந்தினேன். எங்கே வைத்தால் அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? குருணை டப்பா. ஒரு பக்கம் மட்டும் குலுக்கித் தளர்த்தினால் போதும், வாழ்நாளுக்கும் கண்டுபிடிக்கமாட்டார். மூடியைத் திறந்தேன். நாலு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் இருந்தது. ஆனால் கை போகவில்லை. நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், கை போகவில்லை, அவ்வளவுதான். மூடியை இறுக்கிவிட்டு எழுந்தேன். ஒன்றும் வைக்கவில்லை என்று சாரிடம் சொன்னேன். அதுவும் ஒரு தேர்வுதான் என்றார்.

டீயோடு வந்தவர் என் முகத்தையும் கருவியையும் பார்த்தார். இந்த முறை சார் என்னைத்தான் வைக்கச் சொல்லியிருப்பார் என்று புரிந்துகொண்டார். பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தானே படித்து, தானே பார்த்து, நாற்பதுக்கும் டிக் போட்டார். போட்டுவிட்டு எழவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி பூட்டினார். குருணையைக் கொட்டி நிரப்பினார். இதழ் இரண்டையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் ஏறி, பாயில் கை வைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

மூன்றாவது தடவை பூட்டி முடித்ததும் என்னிடம் வந்தார்.

"எங்க மே வச்ச? சொல்லிடு."

"எங்கயும் வைக்கலய்யா."

"தேர்வு போனாப் போவுது மே. நான் இதப் போட்டுக்கினு முப்பது மீட்டர் எறங்கணும். சொல்லிடு."

"அம்மா சத்தியமா ஒண்ணும் வைக்கல. நல்லாத்தான் கீது. போய் எறங்கு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பாய்க்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, நான்காவது தடவையாக வாய்க் குழாயைக் கழற்றத் தொடங்கினார்.