பலாபத்வலவில் நான்தான் பம்ப்

நான் தொற்றிக்கொண்டு வந்த தக்காளி பிக்கப் பலாபத்வலவில் நின்றுவிடுகிறது. மாத்தளைச் சந்தை கலைய ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. டிரைவர் சிவத்துக்கு முகம் வெளிறிவிட்டது. தெருவோர மெக்கானிக் ரசீன் நானா டீசல் பம்பின் குழாயைக் கழற்றி, ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"பம்ப் இழுக்குதில்ல. உள்ளுக்கு ரப்பர் கிழிஞ்சிரிச்சி. மாத்தளைக்குப் போய்த்தான் மாத்தணும்."

"அதுவரைக்கும் எப்படிங்க நானா போறது?" என்று கேட்கிறேன்.

"நீங்கதான் தம்பி பம்ப்! கேனை ஒசத்திப் புடிங்க, டீசல் தானா எறங்கும்."

ஒரு கேனில் டீசலை நிரப்பி, அதிலிருந்து நேராக என்ஜினுக்கு ஒரு நீளக் குழாயை மாட்டுகிறார். பின்னால் தக்காளிப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து கேனைத் தூக்கிப் பிடிக்கிறேன். வண்டி உறுமிக் கிளம்புகிறது.

சோதனைச்சாவடியில் சிப்பாய் கேனையும் குழாயையும் பார்த்துத் துப்பாக்கியை நிமிர்த்துகிறான். சிவம் சிங்களத்தில் படபடவென்று விளக்குகிறான். சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னை அதட்டி அனுப்புகிறான்:

"கை கீழ போட வேணாம்!"