ஆண் சிலந்திக்குக் காத்திருந்த நிதா டீச்சர்

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், எங்கள் பள்ளிவாசல் படிக்கட்டில் கிடக்கிற செருப்புகளெல்லாம் மிதக்க ஆரம்பித்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை தொழுது முடித்து வெளியே வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். செருப்புகள் எல்லாம் தாழ்வாரத்துக்கு ஏறி, கால் நுழைக்கத் தோதாக ஜோடி ஜோடியாக நின்றன. கண் தெரியாத ஒரு பெரியவருடைய செருப்பு மட்டும் அவர் கைத்தடிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. பாங்கு சொல்கிற மோதினார் நான்; என் வேலைதான் இது என்று எல்லோரும் எனக்காக துஆ செய்தார்கள். நானோ உள்ளே முதல் வரிசையில் நின்றவன். மலையிலிருந்து முழங்கால் வரை சேற்றோடு இறங்கி வந்த நிதா டீச்சர் அதைச் செய்துவிட்டுப் போனதாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

ஹஸ்னிதார் என்பது முழுப்பெயர். எங்கள் ஊர்ப் பெண்தான். மக்காசார் நகரத்துக்குப் போய்ப் படித்து, பக்கத்து ஊரான மாரோஸில் நடுநிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். விடுமுறை நாளென்றால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் புலு லமாரு மலைக்குகைக்குள் போய்விடுவார். அங்கே உள்ளுக்குள்ளே, இருட்டிலேயே வாழ்கிற ஒரு சிலந்தி இருக்கிறது. உடம்பு வெளுப்பு, கால்கள் என் விரலை விட நீளம், கண் இருக்கிற இடத்தில் புள்ளி போல என்னவோ. இதுவரை யாரும் பேர் வைத்து எழுதாத இனம் என்பது டீச்சருடைய நம்பிக்கை.

நம்பினால் போதுமா? கடல் தாண்டி ஜாவாவில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறதாம். அங்கே எழுதிக் கேட்டார். வடக்கே வேறொரு குகையில் இதே மாதிரி ஒன்றுக்கு ஏற்கெனவே பேர் வைத்தாயிற்று, இதுவும் அதுதானோ என்னவோ, ஆண் சிலந்தி இல்லாமல் சொல்ல முடியாது என்று அங்கிருந்து பதில் வந்துவிட்டது. ஆணுக்கு வாய்க்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள் உண்டு. அதன் நுனியில் ஒரு திருகல். இனத்துக்கு இனம் அந்தத் திருகல் வேறு. கடைசித் தோலை உரித்த பிறகுதான் அது வெளியே தெரியும். டீச்சரிடம் முழுதாக வளர்ந்த ஒரு பெண் சிலந்தி இருந்தது. ஆண் கிடைக்கவில்லை. தேடித் தேடி ஒரு இளம் ஆணைப் பிடித்து வீட்டில் வளர்த்தார். தகரக் கூரைச் சூட்டில் காய்ந்து, பாதித் தோலில் கால் மாட்டிக்கொண்டு அது செத்துப்போனது. தோல் உரிக்கிற வேலை முடிந்த பெண் சிலந்தி மட்டும் சூட்டைத் தாங்கிக்கொண்டது.

அடுத்ததைப் பிடித்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"டேங் நாபா, உங்க ஹவுல் அறையில ஒரு ஓரம் குடுங்களேன். ஊர்லயே குகை மாதிரி குளுந்து கிடக்கிறது அது ஒண்ணுதான்."

தொழுமுன்பு கைகால் கழுவி ஒளு செய்கிற ஹவுல் தொட்டி இருக்கும் அந்த அறை மலைப்பாறையில் ஒட்டிக் கட்டியது. சுவர் எப்போதும் வியர்க்கும். நான் இமாமைக் கேட்டேன். "சிலந்தி இருந்துட்டுப் போகட்டும். அதைக் கொன்னு கெடாம போட்டு வைக்கிற ஸ்பிரிட்டு மட்டும் பள்ளிவாசல் சுவருக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது," என்றார்.

பெரிய கண்ணாடிச் சாடி, வாயில் வலைத்துணி, அடியில் ஈரப் பஞ்சு. சாடி வந்து உட்கார்ந்தது. மழை தொடங்கிக் குகைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இனி இன்னொன்று வேண்டுமென்றால் அடுத்த வெயில் காலம்தான். அதனால் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பு ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை பஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். நடுவில் வெட்டுக்கிளி பிடித்துப் போடுவது என் வேலை.

மீன் வியாபாரி ஹாஜி சக்கா ஒளு செய்ய வரும்போதெல்லாம் சாடியைத் தட்டுவார்.

"என்ன டீச்சர், மாப்பிள்ளை இன்னும் வயசுக்கு வரலையா?"

"தட்டாதீங்க ஹாஜி. மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரு."

"நீ ஒரு மாப்பிள்ளை பாத்துக்கம்மான்னா, சிலந்திக்குப் பாத்துக்கிட்டிருக்கே!"

"எனக்குக் கிடைக்கிறவர் இதைவிட அழகா இருக்கணுமே, அதான் யோசனை."

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் சாடியின் அடியில் வெறும் தோல் கிடந்தது. சிலந்தி இல்லை.

என் மனைவி டேங் கனாங் துடைப்பத்தோடு அங்கேயே நின்றாள். "நான்தான் திறந்துவிட்டேன்," என்றாள். "தோலை உரிச்சுப் போட்டுட்டு உசுரு போற மாதிரி தொங்குச்சு. பாக்க முடியல. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் எதிரிங்களுக்கு மறைஞ்சு குகையில இருந்தப்போ வாசல்ல வலை பின்னிக் காத்த சீவனாச்சே. அதைப் பள்ளிவாசல்லயே அடைச்சு வைக்கிறதா?"

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த டீச்சர் சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்.

"எந்தச் சுவர்ல விட்டீங்க?"

"அந்தப் பாறைப் பக்கம். ஏம்மா, இது வலை பின்னாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா, பின்னாது."

"பின்னலேன்னா என்ன, அந்த வம்சம்தானே?"

டீச்சர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெண் சிலந்தியை எடுத்து வந்தார். வலை பின்னாவிட்டாலும் அது நடந்து நடந்து நூல் விட்டிருந்த காகிதத்தை வெட்டி, பாறையோரமாக வரிசையாகப் போட்டார். வரிசை முடிகிற இடத்தில் பெண் சிலந்தியின் பெட்டி. கடைசித் தோலை உரித்த ஆணுக்குச் சாப்பாட்டு நினைப்பு இருக்காதாம். பெண்ணின் நூலைத் தொட்டால் அதைப் பிடித்துக்கொண்டே போகுமாம். ஜன்னலைச் சாக்கால் அடைத்து இருட்டாக்கிவிட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தொழ வந்தவர்கள் கிணற்றடியில் ஒளு செய்தார்கள்.

"மழையில எங்களை வெளிய நிறுத்திட்டு உள்ள பெண் பார்க்கிற படலம் நடக்குதாக்கும்!" என்று ஹாஜி சத்தம் போட்டார்.

"மன்னிச்சுக்கங்க ஹாஜி. அது வரட்டும், நானே உங்களுக்குத் தண்ணி இறைச்சு ஊத்துறேன்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சிலந்தி வரவில்லை. மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அங்கேயே தொழுது, அங்கேயே சோறு தின்று உட்கார்ந்திருந்தார். கனாங்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்ல நான் எழுந்தபோது உள்ளேயிருந்து மெல்ல, "அல்ஹம்துலில்லாஹ்," என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெண்ணின் பெட்டி மேல், வலைத்துணியை முன்னங்காலால் தடவிக்கொண்டு அது நின்றது. டீச்சர் கண்ணாடிக் குழாயை அதன் மேல் கவிழ்த்தார்.

தொழுகை முடிந்து சுவருக்கு வெளியே பலாமரத்தடியில் நின்றோம். கனாங் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேடி வந்த மாப்பிள்ளைம்மா. விட்டுடேன்."

"விட மாட்டேன் அக்கா," என்றார் டீச்சர். குரல் கடினமாக இல்லை. "மனசுக்கு நல்லா இல்லதான். இருந்தாலும் செய்யத்தான் போறேன்."

இவ்வளவு நேரம் கேலி பேசிக்கொண்டிருந்த ஹாஜி சக்கா, தன் மீன் பெட்டியிலிருந்து ஐஸை ஒரு கிண்ணத்தில் அள்ளி வந்து வைத்தார். "முதல்ல தூங்கிப்போகட்டும்," என்றார். குழாயை ஐஸில் வைத்து, கால்கள் மடங்கி அசைவு நின்ற பிறகே டீச்சர் அதை ஸ்பிரிட்டில் விட்டார். கனாங் பார்க்கவில்லை, பள்ளிவாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். டீச்சரும் கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்கப் பள்ளி நுண்ணோக்கியில் குனிந்து, அந்தத் திருகலை வரைந்து, சரியில்லை என்று அழித்து, மறுபடி வரைந்தார். காலில் இருக்கிற முள்ளையெல்லாம் எண்ணினார். பிறகு ஜாவாவுக்கே எடுத்துக்கொண்டு போய், வடக்குக் குகைச் சிலந்தியின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திருகல் வேறுதான். அச்சில் வந்தபோது எங்கள் மலையின் பேரைத்தான் அதற்கு வைத்திருந்தார். ஜும்மா முடிந்து இமாம் அதைச் சொன்னதும், லத்தீன் வாலோடு இருந்த அந்தப் பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு டீச்சருக்கு செலாயர் தீவுக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற நிற்கும்போது கனாங் கேட்டாள், "அந்தச் சீவன் நெனப்பு வருமாம்மா உனக்கு?"

"வரும் அக்கா," என்றார் டீச்சர். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பேர் வைக்க ஆண் ஒண்ணு வேணும்னுதான் எடுத்தேன். அது இப்ப ஜாவா அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு. என்ன இனம்னு ஒப்பிட்டுப் பாக்கணும்னு யாராவது இங்க வந்து இன்னொண்ணைப் பிடிக்கக் கிளம்பினா, விடாதீங்க. அங்க இருக்கு, அங்க போய்ப் பாருன்னு சொல்லுங்க."