பாதி வழியில் நின்ற வலி

மோகனூர் தீர்த்தகிரிக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் உலகம். கொடி வாடினால் தண்ணீர் போதவில்லை, இலை கறுத்தால் நோய். அதில் ஒளிவுமறைவே கிடையாது. மனுஷ உடம்பும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்த சமயம், அவர் மனைவி அங்காளம்மாளின் வயிறு அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது.

தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஓமத்தண்ணீருக்கும் அடங்கவில்லை, விளக்கெண்ணெய்க்கும் அடங்கவில்லை. வண்டியைப் பூட்டி நாமக்கல்லுக்குக் கிளம்பினார். அவள் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், “மாரியாத்தா, இந்த வலியை மட்டும் நிறுத்து, கெடா வெட்டறேன்” என்று வேண்டினார்.

பாதி வழியில் முனகல் நின்றது.

“ஏனுங்க, வலி போயிருச்சுங்க. வண்டியத் திருப்புங்க, ஊட்டுக்குப் போலாம்.”

கேட்ட கையோடு கொடுக்கிற சாமி வேறு எங்கே உண்டு? தீர்த்தகிரி மாட்டைத் திருப்பினார். சாயங்காலம் அவளே அடுப்புப் பற்ற வைத்தாள்.

விடிந்து பார்த்தால் வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் செருகியவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி வண்டி கட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாலசுந்தரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “வலி எப்ப நின்னது?” என்றார்.

“நேத்து வர்ற வழியிலேயே நின்னுபோச்சுங்க. அதனாலதான் திரும்பிட்டோமுங்க.”

“குடல்வால் வெடிச்சதாலதான் ஐயா வலி நின்னது! சீழ் வயிறெல்லாம் பரவிடுச்சு. இப்பவே அறுக்கணும்.”

தீர்த்தகிரிக்கு விளங்கவில்லை. வலி நின்றால் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா? அப்படியானால் ஆத்தா செய்தது என்ன? அதற்கு மேல் நினைக்கப் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இவள் போய்விட்டால், வண்டியைத் திருப்பிய கை தன்னுடையது.

அறுத்த பிறகாவது விளங்குமா என்றால் அதுவும் இல்லை. புண்ணில் வெள்ளைப் பொடியைத் தூவி, முழுக்கத் தைக்காமல் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் குழாயை வெளியே விட்டிருந்தார்கள். அதன் வழியே சீழ் நாறிக்கொண்டு வடிந்தது.

“தெச்சு மூடிருங்க சாமி!”

“மூடினா உள்ளேயே தேங்கிடும். வடியட்டும்.”

ஒருநாள் வடிவது நின்றது. தீர்த்தகிரி அப்பாடா என்று உட்கார்ந்தார். டாக்டரோ பதறிப்போய் வந்து குழாயின் அடைப்பை எடுத்தார். சீழ் வந்தால் சந்தோஷம், நின்றால் கவலை! எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது என்று தெரியாமல், உலர்ந்த அவள் உதட்டில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே இருந்தார். அறுத்த நாளிலிருந்து நினைவில்லாமல் கிடந்தவளிடம் குத்தினாலும் கிள்ளினாலும் அசைவில்லை.

அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது அங்காளம்மாள் முகத்தைச் சுளித்தாள். “ஐயோ, வலிக்குதுங்க...”

தீர்த்தகிரி தாழ்வாரத்தில் ஓடிப் போய் டாக்டரை மறித்தார். “வலிக்குதுங்கறாளுங்க. இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?”

“நல்லதுதான். உணர்வு வந்துடுச்சு.”

பாதி நம்பியும் பாதி நம்பாமலும் திரும்பி வந்தார். “வலிக்குதுங்க” என்று அவள் மறுபடி அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் தேம்பினார்.

“வலிக்கட்டும் புள்ள. நல்லா வலிக்கட்டும்.”

“கட்டுனவளப் பார்த்துச் சொல்ற பேச்சா இது?” என்று பக்கத்துக் கட்டில்காரி திட்டினாள். அவருக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை.